தடிப்புக்குக் காரணம் உங்கள் நாய்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம், வேலை மாற்றலாகிப் போகும்போது நீங்கள் எங்களிடம் விட்டுச்சென்ற நாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அதை அழைத்துச் செல்லவும். இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

பல் ஈறு வீங்கி, டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்கிக்கொண்டு நான்பாட்டுக்குக் கிடந்தேன். வீக்கம் வற்றுகிற நேரம் பார்த்து நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு, கதவு நிலையில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பெயின்டே போய்விட்டது. நான் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன். ஃபியூஸ் போனால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்துத்தானே கோளாறைப் பிடிப்போம்? அதேபோல சோப்பை நிறுத்தினேன், கத்தரிக்காயை நிறுத்தினேன், மெத்தையை மொட்டைமாடிக்கு ஏற்றினேன், பனியனைக் கழற்றி எறிந்தேன், அப்படியும் தடிப்பு கைக்கும் இறங்கிவிட்டது. மிச்சம் இருப்பது நாய் ஒன்றுதான். பிடித்துக் கொல்லைப்புறத்தில் கட்டிவிட்டேன்.

உங்கள் மாமியார் நாய்க்கு வக்காலத்து வாங்குகிறாள். "அந்த மாத்திரையா இருக்குமோ? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்கிறாள். "மருந்து நோயைப் போக்கத்தான்டி, புதுசா குடுக்கவா? பாதியில நிறுத்தக்கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு" என்று நான் சொன்னதும், "அப்ப நாயோட நானும் மக வீட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்து வைத்துக்கொண்டாள். போகட்டும். வெந்நீர் வைக்க எனக்கும் தெரியும்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களைப் பெற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சொறியவே நேரம் போதாத
மாமனார்

பின்குறிப்பு: எழுதியதைக் கிழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, ஆகையால் இதையும் சேர்த்துப் படிக்கவும். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் என்னை டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள். அவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி புதுசா என்ன ஆரம்பிச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் நான் முதலில் கேட்கிற கேள்வி! மாத்திரையேதான். அதை நிறுத்தி வேறு கொடுத்தார். இனி எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை எனக்கு ஆகாது என்று முதலிலேயே சொல்லணுமாம். உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாம். வீட்டுக்கு வந்து நாயை அவிழ்த்துவிட்டேன். கட்டிப்போட்ட கையையே நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரலாம், சாப்பிடலாம், இருந்துவிட்டும் போகலாம். நாயைக் கேட்டால் மட்டும் மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன்.