பெண்டில்பரி கேட்லாக்கும் முப்பத்தொரு குறிகளும்

மனித குலம் சாதித்த மகத்தான காரியங்கள் மூன்றே மூன்றுதான் என்று ஊரப்பாக்கம் ஜீவானந்தம் அடித்துச் சொல்வார். நெருப்பைக் கண்டுபிடித்தது ஒன்று. சக்கரத்தைக் கண்டுபிடித்தது இரண்டு. கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டுப் பட்டியல் தயாரித்தது மூன்று. முதல் இரண்டும் இல்லாமல்கூட மனிதன் எப்படியோ சமாளித்திருப்பான். பட்டியல் இல்லாவிட்டால் சமாளித்தவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாமல் போயிருக்கும் என்பது அவர் கட்சி. முப்பத்துநான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் சொல்கிறார். மறுக்க நாம் யார்?

அப்பேர்ப்பட்டவர் ஓய்வுக் காலத்தைப் பேரன் பேத்தி, கோயில் குளம் என்று அற்ப விஷயங்களில் கழித்துவிடுவாரா என்ன? அவர் எடுத்துக்கொண்டது பெண்டில்பரி.

இங்கிலாந்தில் பெண்டில்பரி என்று ஒரு கம்பெனி இருந்தது. மேசைமேல் பச்சைத் துணியை விரித்து, கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் ஆட்டக்காரர்களை நிறுத்தி, கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி சுண்டிப் பந்தை கோலுக்குள் தள்ளும் விளையாட்டு அவர்கள் தயாரிப்பு. வருஷத்துக்கு ஒருமுறை இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு கேட்லாக் போடுவார்கள். எந்த எண் அணிக்கு என்ன நிறச் சட்டை, என்ன நிற நிக்கர் என்று படத்தோடு இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஆர்டர் படிவம். 1966 முதல் 1980 வரை பதினைந்து கேட்லாக் வெளிவந்தன. அதற்கப்புறம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள்.

ஜீவானந்தம் சேகரித்தது அந்த விளையாட்டை அல்ல. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அவர் சேகரித்தது கேட்லாக்கை. அவர் வீட்டில் பெண்டில்பரி ஆட்டக்காரன் ஒருத்தன்கூடக் கிடையாது. பந்து கிடையாது, பச்சைத் துணியும் கிடையாது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் விவரம் தெரியாமல், இதை எப்படி ஆடுவது என்று கேட்டுத் தொலைத்தார். ஜீவானந்தத்தின் மனைவி ஹேமாவதி குறுக்கிட்டு, "அதெல்லாம் இவரைக் கேக்காதீங்க, இவரு ஆபீஸ் சைடு" என்று சொல்லிக் காப்பியைக் கொடுத்தாள்.

இந்தத் துறையின் வளர்ச்சிக்காகவே 'தென்சென்னை பெண்டில்பரி கேட்லாக் சேகரிப்போர் பேரவை' தோற்றுவிக்கப்பட்டது. மேற்குத் தாம்பரத்தில் ஹிதாயத்துல்லா பாயின் ஹார்டுவேர் கடை மாடியில், பெயிண்ட் டப்பாக்களுக்கும் பிவிசி குழாய்களுக்கும் நடுவே, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கூட்டம் நடக்கும். ஆணி, திருகு, நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் அளவுவாரியாக அடுக்கி வைத்திருந்தவர் என்பதால் பாய் தலைவர். லெட்டர்பேடு அடித்துக்கொண்டு வந்தவர் என்பதால் ஜீவானந்தம் செயலாளர். கோவளத்திலிருந்து மீன் எடுத்துவந்து விற்கும் லோகு பொருளாளர். மீன் பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில் 1971ஆம் வருஷத்துக் கேட்லாக்கைக் கண்டெடுத்துக் கொடுத்த சேவைக்காக அவருக்கு அந்தப் பதவி. பேரவைக்குப் பொருள் எதுவும் இல்லாததால் அவர் அதை மிகத் திறமையாக வகித்துவந்தார். உறுப்பினர்கள் என்று தனியாக யாரும் கிடையாது.

பதினான்கு கேட்லாக்குகள் ஜீவானந்தத்தின் பீரோவில் இருந்தன. 1975 மட்டும் இல்லை. வாட்ஸப்பில் இயங்கும் சர்வதேச மன்றம் ஒன்று, பதினைந்தையும் வைத்திருப்பவருக்கு 'முழுத் தொகுப்பாளர்' என்ற பட்டம் வழங்கிவந்தது. உலகத்தில் அந்தப் பட்டம் பெற்றவர்கள் நான்கு பேர். ஆசியாக் கண்டத்தில் ஒருவருமில்லை. நிபந்தனை இரண்டுதான்: பதினைந்தும் கைவசம் இருக்கவேண்டும், பதினைந்தும் 'முதல் தரம்' ஆக இருக்கவேண்டும். ஜீவானந்தம், 'அதிகாரி' என்ற பெயர்ப் பலகையைக் கண்ணால் பார்த்தபடியே, ஒரே ஒரு படி கீழே ஓய்வு பெற்றவர். தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு வார்த்தை அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஏக்கத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி காட்டியவர் பொருளாளர். போன வெள்ளத்தில் பள்ளிக்கரணைத் தெருக்களில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் புகுந்தபோது, கோவளத்துப் படகுகளோடு லோகுவும் போயிருந்தார். ரத்தினபாய் என்ற எண்பது வயதை நெருங்கும் அம்மாளை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் உட்காரவைத்தார். அந்தம்மாள் நகையை எடுக்கவில்லை, வீட்டுப் பத்திரத்தையும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை மட்டும் மார்போடு அணைத்திருந்தார். அட்டையில் பெண்டில்பரி, 1975. அன்றிலிருந்து வாராவாரம் அந்த வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்துவந்த லோகு, பழக்கமான பிறகு ஒரு கூட்டத்தில் 'இதர பொருள்கள்' என்ற தலைப்பின் கீழ் இதை வெளியிட்டார்.

மறுநாளே செயலாளரும் பொருளாளரும் பள்ளிக்கரணைக்குப் புறப்பட்டார்கள். ரத்தினபாய் டீ கொடுத்து, கவரைப் பிரித்து, கேட்லாக்கை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கணவர் ரயில்வே கார்டு. தாம்பரம் ரயில்வே காலனியில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்ச் செட்டிலாகி, இவர்கள் மகன் ஜெர்சனுக்கு அதைத் தபாலில் அனுப்பியது. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. விளையாட்டு வரவில்லை, கேட்லாக் மட்டும்தான் வந்தது. பையன் அதை வைத்துக்கொண்டே வருஷம் முழுக்க விளையாடினான். பிடித்த அணிக்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டான். ஆர்டர் படிவத்தில் தன் பெயர், வயது, காலனி விலாசம் எல்லாம் எழுதித் தயாராக வைத்தான். சீமைக்கு எப்படி ஆர்டர் அனுப்புவது என்று அவன் அப்பாவுக்குத் தெரியவில்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்த வருஷமே பையனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பத்து நாளில் போய்விட்டான்.

இத்தனையும் அந்தம்மாள் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் ஜீவானந்தம் கேட்லாக்கை வாங்கிப் பூதக்கண்ணாடியால் ஸ்டேப்பிள் பின்களில் துரு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார். கவனம் என்றால் அப்படி ஒரு கவனம். இடையிடையே "ஆமாம்மா", "அடடா", "பாவம்" என்று பொருத்தமான இடங்களில் சொல்லவும் தவறவில்லை. மனு கொடுக்க வருகிறவர்களிடம் முப்பத்துநான்கு வருஷம் சொல்லிப் பழகிய வாய் அது, காதின் உதவி அதற்குத் தேவைப்படுவதில்லை.

"நீங்க இதை ஆடுவீங்களா சார்?" என்று கேட்டார் ரத்தினபாய்.

"ஆடறது வேற டிபார்ட்மெண்ட்மா."

அந்தம்மாளுக்கு அது புரியவில்லை. ஆனாலும் மகனுடைய பொருளை இத்தனை மரியாதையாகக் கையில் ஏந்துகிற ஒருவரை ஐம்பது வருஷத்தில் முதல்முறையாகப் பார்க்கிறார், மனது இளகிவிட்டது.

"ஒரு மாசம் வச்சிருந்துட்டுக் குடுங்க. என் காலத்துக்கப்புறம் நீங்களே எடுத்துக்கலாம். அவன் நோட்டுப் புஸ்தகமெல்லாம் முந்தின வெள்ளத்துலயே போயிடுச்சு. அவன் கையெழுத்து இனிமே இதுல மட்டும்தான் சார் இருக்கு. பத்திரமாப் பாத்துக்கங்க."

ஜீவானந்தம் அங்கேயே லெட்டர்பேடில் ரசீது எழுதினார். 'பெறப்பட்டது: கேட்லாக் 1. பக்கங்கள்: 24. துரு: இல்லை. சேதம்: பென்சில் குறிகள் 31, படிவத்தில் கிறுக்கல் 1.' கண்ணாடியைத் தேடி எடுக்காமலே ரத்தினபாய் கீழே கையெழுத்துப் போட்டார். மன்றத்தின் விதியில் 'கைவசம்' என்றுதான் இருக்கிறது, எத்தனை நாளுக்கு என்று இல்லை என்பதை வரும் வழியிலேயே செயலாளர் ஆராய்ந்து தெளிந்துவிட்டார்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. குறிகளோடு அனுப்பினால் கேட்லாக் மூன்றாம் தரம், பட்டம் போச்சு. ஆகவே 1975ஆம் ஆண்டுப் பிரதிக்கு உரிய 'சிகிச்சை' அளித்து, பிறந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவருவது என்று செயலாளர் தீர்மானம் முன்மொழிந்தார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி உரிமையாளரே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

லோகு எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, நீ இன்னா பேசிகினு கீற? அந்தம்மா வூட்ல நானும் தான் குந்திகினு இருந்தேன். அது சொன்னது பூரா அந்தப் பென்சிலப் பத்தித்தான். புக்கு அதுக்கு எதுக்கு? அது படகுல கட்டிப் புடிச்சிகினு வந்தது அந்தப் பையன் எழுத்த."

ஹிதாயத்துல்லா பாய் தாடியைத் தடவினார். அவருக்கு மனசு கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபின் மனசை யார் கேட்கிறார்கள்? பராமரிப்பு என்பது செயலாளரின் இலாகா, பொருளாளர் அதில் கருத்துச் சொல்ல விதியில் இடமில்லை என்று ஜீவானந்தம் நிதானமாக எடுத்துரைத்தார். பாய், "விதின்னு ஒண்ணு இருக்குதுல்ல லோகு" என்று முனகிக் கையைத் தூக்கினார். இரண்டுக்கு ஒன்று. மினிட்ஸ் புத்தகத்தில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று பதிவாயிற்று. எழுதுவது செயலாளர் என்பதால் பேரவையில் எல்லாமே ஏகமனதாகத்தான் நிறைவேறும்.

சிகிச்சை ஐந்து நாள் நடந்தது. ஹேமாவதி டைனிங் டேபிளை விட்டுக்கொடுத்தாள். ஓவியர்கள் பயன்படுத்தும் மெத்தென்ற ரப்பர், ஒட்டகமுடித் தூரிகை, வெள்ளைக் கையுறை. ஒரு நாளைக்கு ஏழு குறிகள், அதற்கு மேல் கிடையாது. அந்தப் பொறுமையைப் பார்த்தால் கண் டாக்டர்கள் வெட்கப்படுவார்கள். பையன் சில டிக்குகளை அழுத்திப் போட்டிருந்தான். மஞ்சள் சட்டை, கறுப்பு நிக்கர் போட்ட நாற்பத்தேழாம் எண் அணிக்கு மட்டும் இரண்டு டிக். அதை எடுக்க ஜீவானந்தத்துக்கு அரைமணி நேரம் பிடித்தது.

ஐந்தாம் நாள் மிச்சமிருந்த குறிகளோடு ஆர்டர் படிவத்தையும் எடுத்துக்கொண்டார். ஜெர்சன், வயது 11. ஆங்கிலத்தில், கோடு தாண்டாமல், நல்ல பையன்களின் குண்டுக் கையெழுத்து. வயதுக்குப் பக்கத்தில் 'மார்ச்சில் 12' என்று சின்னதாக எழுதியிருந்தது. ஜீவானந்தத்தின் கை நின்றது. நெஞ்சில் என்னமோ அடைத்த மாதிரி இருந்தது. லோகு சொன்னது காதில் விழுந்தது. அந்தம்மாள் சொன்னதுகூட, அன்றைக்குக் காதிலேயே விழாதது, இப்போது ஒவ்வொரு வார்த்தையாக விழுந்தது. அழிக்காமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், யோசித்தார். பிறகு, நிறைவேறிய தீர்மானத்தைச் செயல்படுத்தாமல் விட ஒரு செயலாளருக்கு அதிகாரமில்லை என்பது நினைவுக்கு வந்தது. காலையில் சாப்பிட்ட பூரிதான் நெஞ்சைக் கரிக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, பெயரை முதல் எழுத்திலிருந்து வரிசைப்படி அழித்தார்.

பென்சில் பதிந்த பள்ளங்கள் மறைய, பாய் கடையிலிருந்து வந்த இரண்டு கிரானைட் பலகைகளுக்கு நடுவே கேட்லாக் ஒரு வாரம் கிடந்தது. எழுந்து வந்தபோது நேற்று அச்சகத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. படம் எடுத்து மன்றத்துக்கு அனுப்பினார். கேட்லாக் கைக்கு வந்த பதினெட்டாம் நாள் பட்டம் வந்தது. ஆசியாவின் முதல் முழுத் தொகுப்பாளர். 1975ஆம் வருஷப் பிரதிக்குத் தனிச் சான்றிதழே வந்தது. அதை ஜீவானந்தம் பிரேம் போட்டு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை படித்தார். பால்காரருக்குக்கூடப் படித்துக் காட்டினார்.

மாதம் முடிந்ததும், வாக்குத் தவறாத பேரவை முழு நிர்வாகக் குழுவோடு பள்ளிக்கரணைக்குப் போனது. கேட்லாக்கைத் திருப்பித் தருவது, சான்றிதழைக் காட்டுவது, அம்மாளுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று மூன்று நிகழ்ச்சிகள். லோகு வரமாட்டேன் என்றார். மூன்று பேர் இல்லாவிட்டால் கோரம் குறையும் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பொன்னாடை முதலில் முடிந்தது. ரத்தினபாய் சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டி, கேட்லாக்கைப் பிரித்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். நாற்பத்தேழாம் எண் இருந்த இடத்துக்கு அவர் விரல் தானாகப் போய் நின்றது, தடவிப் பார்த்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனார். படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது வேற புக்கு சார்" என்றார் கடைசியில். "மாறிப்போச்சு போல. என்னுது உங்க வீட்டுலயே இருக்கும், பாருங்க."

அதே புத்தகம்தான், அதன் தரத்தைத்தான் உயர்த்தியிருக்கிறோம் என்று ஜீவானந்தம் விளக்கினார். ஹிதாயத்துல்லா பாய் தரையைப் பார்த்தார். அதற்கு ஆதாரமாக ஜீவானந்தம் பிரேம் போட்ட சான்றிதழை எடுத்து, இங்கிலீஷை வரிக்கு வரி தமிழாக்கிப் படிக்க ஆரம்பித்தார். மடிப்பு இல்லை. துரு இல்லை. கறை இல்லை. அடுத்த வரி என்னவென்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த காகிதத்தைக் கையெழுத்து வரைக்கும் படித்தே பழகிய மனிதர், நிறுத்தத் தெரியவில்லை.

"இந்தப் பிரதியை ஒரு குழந்தை எப்போதேனும் கையில் எடுத்தது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை."

ரத்தினபாய் பொன்னாடையைக் கழற்றி, நாலாக மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க வாங்கிட்டுப் போறப்ப இருந்துச்சு சார்" என்றார்.