விரியனை வென்ற நரம்பு

உலக விஞ்ஞானம் நெடுங்காலம் தட்டுத்தடுமாறிய ஒரு விடயத்தை, கிளிநொச்சியில் ஓர் ஆய்வு நிலையம் ஒரு நிமிடத்திற்குள் முடித்துவைத்தது. அப்பெருமை முழுவதும் பணிப்பாளர் நல்லதம்பி அவர்களையே சேரும்.

விரியன் கடித்த மனிதனின் நரம்புக்கலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது ஆய்வு உதவியாளர் யதுர்ஷிகாவின் வேலை. வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. விஷம் ஏறும் ஆறு மணித்தியாலத்தில், ஒவ்வொரு செக்கனையும் ஒரு லட்சம் துண்டாக வெட்டி, துண்டு துண்டாக அவள் கணக்கிட்டாள்.

"எப்ப முடியும்?" என்றார் பணிப்பாளர்.

"மூண்டு நாள் செல்லும், சேர்."

"சனத்துக்குக் குடுக்கிற பாம்புக்கடிக் கையேடு இண்டைக்கு அச்சுக்குப் போகவேணும். ஒரு லட்சமாய் வெட்ட இதென்ன வெங்காயமே? ஆயிரமாய் வெட்டுங்கோ. அடியைப் பெரிசா எடுத்து வையுங்கோ, பிள்ளை!"

"அடி பெரிசானால் கணக்கு சரியான இடத்தைத் தாண்டிப் பாயும், சேர். திரும்பேக்க இன்னும் தூரமாய்ப் பாயும். கடைசியில நிலை குலைஞ்சு போகும்."

"பாயட்டும். முன்னேற்றம் எண்டால் அதுதானே!"

முதல் நிமிடத்திலேயே பாய்ந்தது. ஒரு வோல்ட்டின் பத்திலொரு பங்குகூடத் தாண்டாத நரம்பு, ஊருக்கு வருகிற மின்கம்பியையே வெட்கப்பட வைத்தது.

"இன்னும் கொஞ்சத்தில கணினிக்குக் காட்ட எண்ணே இல்லாமல் போகும், சேர்."

"போகமுதல் திரையைப் படம் எடுங்கோ."

"விஷத்தை வென்று துள்ளும் வன்னி நரம்பு" என்ற கையேடு ஐந்நூறு பிரதி அச்சானது. யதுர்ஷிகா தன் மடிக்கணினியில் பழையபடி ஒரு லட்சமாகவே வெட்டி ஓடவிட்டாள்.

வெள்ளிக்கிழமை உடையார்கட்டுப் பொதுமண்டபத்தில் வெளியீடு. மாலை மரியாதை முடிந்ததும், வயல்காரி நாகேஸ்வரி எழும்பினாள்.

"ஐயா, அப்ப என்ர மனுசனைப் பாம்பு கடிச்சால் ஆஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லையோ?"

"நரம்பே ஓடுதம்மா. நீங்கள் ஏன் ஓடுறியள்?" கைதட்டல்.

அன்று விடியத்தான் யதுர்ஷிகாவின் கணக்கு முடிந்திருந்தது. எழுந்துபோய் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"அக்கா, அந்தத் துள்ளல் நரம்பின்ர இல்லை. எங்கட கணக்கின்ர பிழை. சரியா வெட்டிப் பாத்தன். நரம்பு மெல்ல மெல்ல அடங்கி நிண்டுபோச்சுது. கடிச்சால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ!"

நாகேஸ்வரி கையேட்டை மடித்து, தான் இருந்த, ஆட்டம் போட்ட கதிரையின் காலுக்கு அடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது. அந்தக் கையேட்டால் அன்று நிலைபெற்ற ஒரே பொருள் அதுதான்.

அடுத்த வாரம் மூவர் கொண்ட விசாரணைக்குழு கூடி, வடையும் தேநீரும் முடித்து, ஏகமனதாகத் தீர்ப்பெழுதியது: "பணிப்பாளர் அவர்களின் பொறுப்பில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த நரம்பை, யதுர்ஷிகா என்பவர் தன்னிச்சையாகச் சாகடித்துள்ளார். அவரது வேலை இனிப் புதுப்பிக்கப்படமாட்டாது."

நியாயமான தீர்ப்பு. அவள் அந்த நரம்பைச் சாக விட்டிராவிட்டால், கையேட்டை நம்பி முறைப்படி செத்திருக்கவேண்டியவர்கள் உடையார்கட்டு வயல்காரர்கள் அல்லவா?