உயிரோடு இருக்கும் பேய்

சொடக்குச் சாமியார் விரலைச் சொடுக்கினால் பேய் பறந்துவிடுமாம். பறந்த பேயை யாரும் பார்த்ததில்லை. சொடக்குச் சத்தத்தைக் கேட்டவர்கள் ஏராளம். அது போதாதா? பேருந்து பிடித்து வந்து குவிந்தார்கள்.

தச்சரும் தன் மனைவியை அழைத்து வந்தார். பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மனநல மருத்துவமனை மாத்திரையில் தேறி வந்தவள்தான். "மாத்திரை பேய்க்குத் தீனி, நிறுத்து" என்றார் சாமியார். நிறுத்தினார்கள். குரல் திரும்பி வந்தது. பெற்ற குழந்தையைத் தூக்கவே பயந்தாள்.

மாத்திரை வாங்க ஆள் வராததால் நர்ஸ் வீடு தேடி வந்தார். திட்டவில்லை. தச்சரையும் அவர் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"அவர் சொல்றதுதான் சரின்னு எப்படிண்ணே முடிவு பண்ணீங்க?"

"நாங்க வாயே திறக்கல சிஸ்டர். வீட்டுக் கதை பூரா புட்டுப்புட்டு வைக்கிறாரு."

"உள்ள போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"வெளிய பெஞ்சில ஒரு அக்கா. அவங்க புருஷனுக்கும் பேயாம். ஆறுதலா விசாரிச்சாங்க."

"ஒவ்வொரு தடவையும் அதே அக்காவா?"

"ஆமா, அதே அக்காதான்" என்று தச்சர் தலையைச் சொறிந்தார்.

"அடுத்த தடவை அவங்ககிட்ட ஒரு பொய் சொல்லுங்க. சாமியார் கண்டுபிடிச்சுட்டா நான் இந்தப் பக்கமே வரல. ஏமாந்துட்டா, இவங்களுக்கு மாத்திரை கொடுக்கணும்."

"என்ன பொய்?"

மாமியார் முந்திக்கொண்டார். "நான் கிணத்துல விழுந்து செத்துட்டேன்னு சொல்லுடா. மருமகளுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா."

அதுவரை குழந்தையோடு வீட்டிலேயே இருந்த அவரை அங்கே யாருக்கும் தெரியாது. தச்சர் பெஞ்சில் உட்கார்ந்து செத்துப்போன அம்மாவை நினைத்து அழுதார். ஆறுதல் அக்கா தண்ணீர் குடிக்க உள்ளே போய் வந்தார்.

கூட்டத்தின் நடுவே தச்சர் மனைவியை உட்காரவைத்து, சாமியார் கண்ணைச் செருகினார். "கிணறு தெரியுது. ஈரப்புடவை தெரியுது. இவளப் பிடிச்சிருக்கிறது மாமியா. உசுரோட இருந்தப்பவும் நிம்மதியா விடல." சொடுக்கினார். "போயிட்டா."

"எங்கய்யா போனேன்?" குழந்தையை இடுப்பில் வைத்தபடி கடைசி வரிசையில் மாமியார் எழுந்து நின்றார். "புடவையைத் தொட்டுப் பாரு. காஞ்சுதான் இருக்கு."

சாமியார் பழக்க தோஷத்தில் இன்னொரு சொடக்குப் போட்டார். மாமியார் அசையவில்லை. ஆறுதல் அக்காதான் காணாமல் போனார்.

"எனக்குப் பேய் இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மருமகள். "யாரு கேட்டீங்க?"

தச்சர் தலை குனிந்தார். "வீட்டுக்குப் போலாம் வா. மாத்திரையை நானே எடுத்துத் தரேன்."

கூட்டத்தில் பாதி சாமியாரைச் சூழ்ந்துகொண்டது. மீதிப் பாதி, செத்துப் பிழைத்த தாயே என்று மாமியார் காலில் விழுந்தது.

"காலை விடுங்க" என்றார் அவர். "அதே கையால உங்க தலையைத் தடவிப் பாருங்க. உள்ள இருக்கிறது என்ன, சும்மா கனத்துக்கு வச்சதா?"