ஷெல்டருக்குள் ஓர் ஆசிரியர்

உலகத் தமிழர் அனைவரையும் என் இணையத்தளத்துக்கு வரவழைத்தே தீருவது என்று போன ஜூலை மாதம் முடிவெடுத்தேன். உலகத் தமிழர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. என் மனைவி வைதேகிக்குத் தெரியும். ஏனென்றால் ஹாலில் ஜன்னலோரம் இருந்த ஒரே மேசையை அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டேன்.

அதுவரை அந்த மேசையில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சமூக மன்றத்தில் வகுப்புக்குப் போய்த் தைக்கக் கற்றுக்கொண்டாள். மெஷினைத் தூக்கி ஷெல்டர் அறைக்குள் வைத்தேன். சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் எங்களுடையது போன்ற வீடுகளில், போர் வந்தால் பதுங்குவதற்கென்று இரும்புக் கதவு போட்ட ஓர் அறை உண்டு. போர் வரும்வரை அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அங்கே பதுங்கியிருக்கும். அவற்றோடு மெஷினும் பதுங்கியது. வைதேகி இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உதவினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் கட்டுரையை ரத்தம் சிந்தி எழுதினேன். தலைப்பு: 'கடல் கடந்த தமிழர்தம் வணிகத் தொன்மையும் அதன்வழி நாம் பெறத்தக்க விழுமியங்களும்: ஓர் அறிமுக நோக்கு.' மூன்று பேர் படித்தார்கள். வீட்டுக் கணினியில் நான், ஆபீஸ் கணினியில் நான், ரயிலில் கைப்பேசியில் நான்.

"அப்பா, டைட்டில் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே வந்துடும்லா" என்றாள் மகள் வித்யா.

"உள்ளே படிச்சியா?"

"பஸ் வந்துடுச்சுப்பா."

வைதேகி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். "ஏங்க, இதைப் படிக்கிறவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"அறிவு!"

"வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

நான் மௌனமாக இருந்தேன். எழுத்தாளனுக்கு மௌனம் அழகு. பதில் தெரியாதவனுக்கும் அழகுதான்.

"வாசகருங்க வரணும்னா உங்களுக்கு நடந்ததை எழுதுங்க. அது அவங்க வீட்லயும் நடந்திருக்கணும். தலைப்பைப் பார்த்ததுமே, ஐயோ, இது நம்ம கதைன்னு உள்ள வந்துடணும்."

"எனக்கு என்ன நடந்திருக்கு?"

"போன தீபாவளிக்கு என் ப்ளவுசுக்காக டெய்லர் கடைக்கு நாயா அலைஞ்சீங்களே."

"அது அவமானம், வைதேகி!"

"அதைத்தான் எல்லாரும் படிப்பாங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி, ஒரு பந்தயம். தீபாவளிக்குள்ள ஆயிரம் பேர் படிச்சுட்டா ஷெல்டரை ஒழிச்சு உங்களுக்கு ஆபீசாத் தரேன். கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா எழுதலாம். ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கும் வர வேண்டாம்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஞாயிறு காலை தேக்கா மார்க்கெட் என்றால் ஈரத் தரை, இடிக்கிற கூட்டம், இரண்டு கையிலும் பை. கல்யாணமான நாளிலிருந்து அதிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருப்பவன் நான். கூடவே தனி அறை வேறு!

"தோத்துட்டா?"

"வெப்சைட்டை மூடிட்டு மேசையைக் குடுத்துடணும்."

"ஜெயிச்சா மேசை?"

"உங்களுக்குத்தான் ஆபீஸ் வந்துடுதே. மேசை எதுக்கு?"

நியாயமாகப் பட்டது. மனைவி பேசுவது நியாயமாகப் படுகிறபோதுதான் கணவன் உஷாராக வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"அப்புறம், அடியில எனக்கு ஒரு வரி போட்டுக் குடுங்க. ப்ளவுஸ் தைத்துத் தரப்படும்னு, என் போன் நம்பரோட. சும்மாதான்."

பந்தயம் கட்டிய உற்சாகத்தில் பெருந்தன்மையாகப் போட்டேன். இலக்கியத்தின் காலடியில் ஒரு வரி கிடந்துவிட்டுப் போகட்டுமே.

தலைப்பை மாற்றினேன்: 'நாளைக்கு வாங்க சார்!' லிட்டில் இந்தியாவில் ஒரு டெய்லர் "கை மட்டும்தான் பாக்கி" என்று என்னை அலையவிட்டதை அப்படியே எழுதினேன். தீபாவளிக்கு முதல் நாள் அவர் பார்சல் கட்டிக் கொடுத்ததையும், அது வேறு யாருடைய ப்ளவுசோ என்பதையும், அதற்குள் இரண்டு வைதேகி நுழையலாம் என்பதையும் எழுதினேன். 'காத்திருப்பும் ஒரு கலையே' என்று கம்பீரமாக முடித்து, கீழே என் பெயரைப் போட்டேன். அதற்கும் கீழே அவளுடைய வரி.

வைதேகி அதைத் தன் வாட்ஸ்அப் குழுக்களில் தட்டிவிட்டாள். அவ்வளவுதான், கூட்டம் பிய்த்துக்கொண்டது. கிளமெண்டியிலிருந்து படித்தார்கள். சைனாடவுன் மாரியம்மன் கோயில் வரிசையில் நின்றபடி படித்தார்கள். எங்கள் வீட்டுக் கதையும் இதுதான் என்று எழுதினார்கள். சிலர் அதற்கு மேலும் போனார்கள். 'எப்போது வரலாம்?' 'ஞாயிறு வீட்டில் இருப்பீர்களா?' 'நேரில் வந்தால்தான் சரியாக இருக்கும்.'

"பார்த்தியா? ஆசிரியரை நேரில் பார்க்கத் துடிக்கிறாங்க!" என்றேன்.

"ஆமாங்க" என்றாள் வைதேகி. சிரித்தாளோ?

எதிர்வீட்டு இராசமலர் அக்கா லிஃப்டில் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் எளிதில் பாராட்டாதவர்.

"தம்பி, உங்கட கட்டுரை படிச்சனான். கடைசி வரிதான் நல்ல திறம்."

"காத்திருப்பும் ஒரு கலையே, அதுதானே?"

"அதுக்குக் கீழ."

அதற்குக் கீழே என் பெயர். பெயரையே ரசிக்கும் வாசகி கிடைத்துவிட்டார் என்று அன்று முழுவதும் பூரித்துப்போய்த் திரிந்தேன்.

தீபாவளிக்கு முன்பே ஆயிரம் பேர் தாண்டிவிட்டார்கள். வைதேகி வாக்குத் தவறவில்லை. ஷெல்டரைக் கழுவித் துடைத்து, மடக்கு மேசை ஒன்று போட்டு, இரும்புக் கதவில் 'ஆசிரியர்' என்று எழுதி ஒட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது எனக்கு.

முதல் ஞாயிறு. நான் தேக்கா போகவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆஹா, அப்படி ஓர் அமைதி! இரண்டாவது கட்டுரை தானாகக் கொட்டியது. வெளியிடும் பொத்தானை அமுக்கினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவைத் தள்ளித் தலையை நீட்டினேன். ஹால் நிறையப் பெண்கள். மடியில் துணிப் பை, கையில் அளவு ப்ளவுஸ். ஜன்னலோர மேசையில் தையல் மெஷின் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கழுத்தில் டேப்போடு வைதேகி. சோபாவில் முதல் ஆளாக இராசமலர் அக்கா.

"ஏங்க, கதவைச் சாத்துங்க! அளவெடுத்துக்கிட்டு இருக்கோம்!"

"வைஃபை வரலை, வைதேகி!"

"கெட்டிச் சுவரு, இரும்புக் கதவு. குண்டே உள்ள வராது, வைஃபை எப்படிங்க வரும்?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெஷினைக் கொண்டுபோய் உள்ள வச்சீங்கல்ல? அத்தனை நாளும் ஒரு பாட்டுக்கூட கேக்க முடியாம அங்கதானே உக்காந்து தச்சேன்."

 அவள் சொன்னது உறைத்தது.

"பெட்ரூமுக்குப் போகட்டுமா?" என்றேன் தணிந்த குரலில்.

"அங்க போட்டுப் பார்க்கிறாங்க."

"வித்யா ரூம்?"

"டோக்கன் குடுக்கறேன்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கட்டுரைக்கு வாசகருங்க காத்திருப்பாங்களே!"

"வெளியில போய்ப் போட்டுட்டு வாங்க. இந்தாங்க." என் கையில் இரண்டு பைகளைத் திணித்தாள். "வெண்டைக்காய் பிஞ்சா இருக்கணும்."

"பந்தயப்படி நான் தேக்காவுக்கு வர வேண்டாமே?"

"நான் எங்க கூப்பிட்டேன்? வெளியில போறவர் ஏன் வெறுங்கையோட திரும்பணும்னு கேட்டேன்."

வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என் ஜோடியைத் தேடி எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

குறை ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் ஞாயிறு காலை தேக்காவில், கோப்பிக் கடை ஓரத்தில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது. கோப்பி நன்றாக இருக்கிறது. சிக்னல் அதைவிட நன்றாக இருக்கிறது. காய் வாங்கியபின் எழுதுகிறேன், வாசகர்களும் பெருகிக்கொண்டே போகிறார்கள். இந்தக் கட்டுரையும் அங்கே எழுதியதுதான். பந்தயத்தில் ஜெயித்தவன் நான், அதில் எந்த மாற்றமும் இல்லை.

சுந்தரேசன், ஆசிரியர்.

பொங்கோலில் ப்ளவுஸ் தைத்துத் தரப்படும். அளவு ப்ளவுஸ் கொண்டுவரவும். ஞாயிறு முழுவதும் வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள்.