மழையின் கேத்திரகணிதம்

"உங்க கூரையை வரைஞ்சது யாரும்மா?"

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பிய அம்மாக்கண்ணுவிடம் கேட்கப்பட்ட இந்தக் கேள்வியோடுதான் நவீன ஓவியம் மலை ஏறியது. கேட்டவர் கொழும்பு ஓவியர் நிரஞ்சன். சதுரம், வட்டம், முக்கோணம் என்ற கேத்திரகணித வடிவங்கள் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டவர். அவற்றையும் வரையமாட்டார், கிடைத்ததை வெட்டி ஒட்டுவார். அதற்குக் 'கொலாஜ்' என்று பெயர். அம்மாக்கண்ணு வீட்டில் அதற்கு ஒட்டுப் போடுவது என்று பெயர்.

"வரையலீங்க. எங்க வீட்டுக்காரரு அடைச்சது."

"அந்த வட்டம்?"

"பெயின்ட் வாளி மூடிங்க. அடியில ஓட்ட."

"அந்த முக்கோணத்தில ஒரு சோகம் தெரியுதே!"

"எலக்சன் பேனருங்க. தோத்தவரு மூஞ்சி."

நிரஞ்சனுக்குக் கண் கலங்கியது.

தோட்ட நிர்வாகத்தின் வேகத்தை இங்கே போற்றியே ஆகவேண்டும். மகள் சுலக்ஷனா பிள்ளைப்பேற்றுக்கு வந்த நாளிலிருந்து, கூரைக்குப் புதுத் தகரம் கேட்டு அம்மாக்கண்ணு ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தாள். "லயம் தோட்டத்துச் சொத்து. அனுமதி இல்லாம ஒரு ஆணி அடிக்கக் கூடாது" என்று தோட்ட நிர்வாகியான தொரை சட்டத்தை விளக்கியிருந்தார். அதனால்தான் அவள் கணவன் கந்தப்பன் ஆணியே அடிக்காமல், ஒட்டுகளின் மேல் கல்லைத் தூக்கி வைத்திருந்தான். சட்டத்தின் அழகே அழகு: கூரை தோட்டத்துக்குச் சொந்தம், ஒழுகல் மட்டும் குடியிருப்பவர்களுக்குச் சொந்தம்.

கலைக்கோ, கூரை ஒட்டுகளைக் கண்காட்சிக்கு நிரஞ்சன் கேட்ட அதே காலையில் அனுமதி கிடைத்தது. ஆட்கள் ஏறி ஒட்டுகளைப் பூப்போல எடுத்து, பஞ்சு சுற்றி வேனில் ஏற்றினார்கள். கல்லையும் விடவில்லை.

"அப்ப கூரைக்குங்க, தொரை?" என்றான் கந்தப்பன்.

"புதுத் தகரம் வரும். அதுவரைக்கும் பொலித்தீன் போட்டுக்கங்க. வானத்தப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு!"

வானத்துக்கு நிர்வாக ஒழுங்கு தெரியாது. மறுநாளே கொட்டியது. பொலித்தீனைக் காற்று தேயிலைக்குள் கொண்டுபோனது. பேரப்பிள்ளையின் தொட்டிலை அம்மாக்கண்ணு மூலைக்கு மூலை மாற்றிக் கட்டினாள். சொட்டும் விடாமல் கூடவே வந்தது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது.

"அடுத்து எங்கம்மா கட்டப் போறீங்க? தொரை பங்களாவிலயா?" என்றாள் சுலக்ஷனா.

தகரம் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது.

நுவரெலியாவில் ஒரு மண்டபம். அந்த ஒட்டுகள் 'மழையின் கேத்திரகணிதம்' என்ற பெயரில் சுவர் நிறையத் தொங்கின. அம்மாக்கண்ணுவுக்கு முன்வரிசையில் ஆசனம். தொரை உருக்கமாகப் பேசினார்:

"எங்கள் மக்கள் பிறவிக் கலைஞர்கள். கேட்டவுடனே தகரம் கொடுத்திருந்தால் இந்தக் கலை பிறந்திருக்குமா?"

கைதட்டலில் சுவர் அதிர்ந்தது.

அம்மாக்கண்ணு எழுந்து படத்தின் அருகே போனாள். வாளி மூடியைத் தொடப்போன கையைக் காவலாளி மரியாதையாக விலக்கினார். நிரஞ்சன் ஓடி வந்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக் கூரை இங்க பத்திரமா இருக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கெட்டுப்போயிடுமே! அதனால மண்டபத்துக் கூரையையே புதுசாப் போடவச்சிட்டோம்."

அம்மாக்கண்ணு அண்ணாந்து பார்த்தாள். மேலே வரிசை பிசகாமல் புதுத் தகரம். அதன்மேல் மழை பெய்யும் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மழைக்குள் இறங்கி நடந்தாள்.