பூசணி விதையும் புதூர்நாட்டுத் தாம்பூலமும்

அறுபதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் அரசியல் பேசுவதாகத்தான் வெளியே தெரியும். உண்மையில் பேசுவது, "ராத்திரி எத்தினி தபா எழுந்துக்கிறீங்க?" என்பதைத்தான். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் என்ற சுரப்பி வயதானால் பெருத்து வழியை நெருக்குகிறதாம். எனக்கும் நெருக்கியது.

டாக்டரிடம் போயிருக்கலாம். (கையில் செல்போன் இருக்கும்போது டாக்டர் எதற்கு?) பூசணி விதைப் பொடி நல்லது என்றது ஒரு வீடியோ. நெருஞ்சில் கஷாயம் என்றது இன்னொன்று. பார்லித் தண்ணீர் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எதுதான் வேலை செய்யும் என்று அறிய எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்க்கிற ஆளா நான்? பையனின் நிச்சயதார்த்தத்தன்று காலையில், சபையில் மானம் போகக்கூடாதே என்று மூன்றையும் சேர்த்துக் குடித்தேன்.

"இன்னாங்க, சொம்பு சொம்பா குடிக்கிறீங்க? மலைக்கு ஜீப்புல போவணும்," என்றாள் மனைவி.

"உனக்கு இன்னா தெரியும்? இது கட்டுப்படுத்தும்," என்றேன். (நெருஞ்சிலும் பார்லியும் நீரைப் பிரித்து வெளியேற்றத்தான் கொடுப்பார்களாம். வீடியோவில் அதைச் சொல்வதற்குள் நான் மூடிவிட்டேன்.)

பெண் வீடு மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம். பெண் நர்ஸ். பையன் ஆசைப்பட்டு, நாங்களும் சம்மதித்த பெண். திருப்பத்தூரிலிருந்து ஜீப் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இறங்கினால், ஒதுங்க வழியில்லாமல் நேரே பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் தாம்பூலத் தட்டு.

"தட்டு வச்சாச்சுன்னா மாத்துற வரிக்கும் யாரும் எழுந்துக்கக் கூடாதுங்க," என்றார் பெண்ணின் தாய்மாமன். "எழுந்தா பேச்சு முறிஞ்சிடுச்சின்னு அர்த்தம். இது எங்க ஊரு வழக்கம்."

பேச்சு சாமை விளைச்சலில் தொடங்கியது. புளிக்குப் போனது. பலாவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு மட்டும் வருவேனா என்றது. நான் பல்லைக் கடித்தேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், கடைசியில் எழுந்தே விட்டேன்.

என் பையன் முகத்தில் ஈயாடவில்லை. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னா சம்பந்தி, எங்க பொண்ணு உங்க வூட்டுக்கு ஆவாதா?"

கதவோரம் நின்ற அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"ஐயோ, பொண்ணு தங்கங்க! எனக்குப் புரோஸ்டேட்டு வீக்கம்! இன்னும் கொஞ்சம் போனா உங்க பாய் நாறிப்பூடும்!" என்று கத்தினேன்.

ஊர்ப் பெரியவர் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். "எனக்கும் அதே கதைதாங்க. யாராச்சும் மொதல்ல எழுந்துக்க மாட்டாங்களான்னு காத்துனு இருந்தேன்." அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கொஞ்சம் தயங்கிவிட்டுத் தாய்மாமனும்.

வேலிக்கு அப்பால் வரிசையாக நின்றபோது நான் குடித்த வைத்தியத்தையெல்லாம் விவரமாகக் கேட்டார்கள். "பூசணி விதைய வறுத்துத் தின்னணுமா, பச்சையாவா?" என்றார் பெரியவர். திரும்பி வந்ததும், "எல்லாரும் சேந்து எழுந்தா அது முறிவு இல்ல" என்று தீர்ப்பும் சொன்னார். தட்டு மாறியது.

மருமகள் வந்ததும் முதல் வேலையாக என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "விதைய சாப்புடுங்க மாமா, அதுல தப்பில்ல. ஆனா இது வெறும் வீக்கம்தானான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்," என்றாள். வெறும் வீக்கம்தான். மாத்திரை கொடுத்தார்கள். இப்போது தேவலை. மாத்திரையாலா, விதையாலா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஊரில் இப்போது தட்டு வைப்பதற்கு முன் "சம்பந்தி இடைவேளை" என்று ஒன்று விடுகிறார்கள். மருமகளின் தங்கை நிச்சயத்தில் என் காதாலேயே கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பா விவரம் தெரியாமல், "எனக்கு வேணாங்க," என்றார்.

தாய்மாமன் விடவில்லை. "பரவால்ல, போய்ட்டு வந்துடுங்க. ஒரு சம்பந்தியால நாங்க பட்டது போதும்."