சம்பானில் தட்டிக் கும்பிட்டவள்

ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். பினாங்குக்கு வரவிருந்த நாட்டியப் பள்ளியை வரவிடாமல் செய்தவள் நான்தான். (வேண்டுமென்றே இல்லை. அதற்கெல்லாம் மூளை வேண்டும்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள், எனக்குப் பதினாறு வயது. மார்க்கெட் தெருவில் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேல்தான் வீடு. நான் குதிக்கிற குதியில் கீழே வாடிக்கையாளர் தலையில் சுண்ணாம்பு உதிரும். என்னைப் போலவே தெருவில் ஏழெட்டுப் பெண்கள் நாட்டியத்துக்கு ஏங்கிக் கிடந்தார்கள், கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. கடைசியில் செட்டிநாட்டு உமையாள் ஆச்சி மனசு வைத்தார். கை தாராளம், வாய் கறார். தஞ்சாவூர்ப் பக்கத்து நாட்டிய ஆசிரியை ரங்கநாயகி அம்மாளைத் தம் செலவில் கப்பலேற்றினார்.

“வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல ஆடட்டும். பெரிய மனுசங்க ஒத்துக்கிட்டா என் மாடியவே பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைக்கிறேன். இல்லேன்னா அடுத்த கப்பல்ல ஊருக்குத்தான்” என்றார்.

கப்பலில் யாருக்கோ அம்மை. எல்லாரையும் ஜெரெஜாக் தீவுத் தடுப்பு முகாமில் இறக்கிவிட்டார்கள். வியாழக்கிழமை விடுவதாகப் பேச்சு. அதுவரை என்னால் பொறுக்க முடியுமா? திங்கட்கிழமையே அண்ணனை நச்சரித்துச் சம்பான் படகில் ஏறிவிட்டேன். “தூரத்துல இருந்து மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிரணும்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் துடுப்புப் போட்டான்.

கரையில் ரங்கநாயகி அம்மாள் ஈரச்சேலையை உதறிக்கொண்டு நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடுகிறவள் முதலில் தரையைத் தட்டி, தொட்டுக் கும்பிட்டு, மிதிப்பதற்காகப் பூமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். குருவைப் பார்த்துவிட்டு அதைச் செய்யாமல் இருக்கலாமா? எழுந்து நின்று, வலது காலால் ஓங்கித் தட்டினேன்.

“உக்காரு தனம்!” என்று அண்ணன் கத்தி முடிப்பதற்குள் இரண்டு பேரும் கடலுக்குள். காலடியில் பூமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா, மடச்சி!

அவர்தான் தண்ணீரில் இறங்கி என் சடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். மருந்து கொடுக்கும் முகாம் டிரெசர் ஓடிவந்தார். “மண்ண மிதிச்சாச்சுலா! இனி ரெண்டு பேரும் இங்கதான்.”

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். குடித்த உப்புத்தண்ணீரால் வந்ததுதான். ஆனால் அம்மையோ என்று பயந்து, என்னைத் தொட்டுத் தூக்கியவரையும் இன்னும் பதினாலு நாள் நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆச்சி வீட்டில் நாற்காலி நிறைய ஆள், ஆட மட்டும் ஆளில்லை.

ரங்கநாயகி அம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காய்ச்சல் விட்டதும், “சும்மா கெடக்கிறதுக்கு ஆடிப் பழகலாம், எந்திரி கண்ணு” என்றார். காலையும் மாலையும் மணலில் அரைமண்டிப் பயிற்சி. முழங்கால் கழன்றுவிட்டது. (அண்ணன் தாளம் போட்டான், ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.) என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் ஆச்சியின் காலில் விழுந்தேன். “கூப்பிட்டவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். ரங்கநாயகி அம்மாள் அடுத்த கப்பலில் போய்விட்டார்.

இப்போதும் வீட்டில் விசேஷம் என்றால் அண்ணன் ஆரம்பித்துவிடுவான்: “பினாங்குல மொத டான்ஸ் பள்ளிக்கூடம் ஜெரெஜாக்லதான்லா நடந்துச்சு. மாணவி ஒருத்தி. இழுத்து மூடுனதும் அவளேதான்!” எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அன்று என்னோடு பெயர் கொடுத்துக் காத்திருந்த பெண்களில் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்துவிட்டால், அவள் சிரிப்பதைப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வருவதில்லை.